வாசகர் கேள்வி பதில்: பின்னால தண்ணி, முன்னால முகம்

போன முறை வீட்டு யன்னல் வெளிச்சத்தில ஆக்களைப் படம் எடுக்கிறதப் பற்றி எழுதினனான். அதுக்குப் பேந்து வந்த கடிதங்கள் முக்காவாசியும் ஒரே விசயத்தைத்தான் சுத்திச் சுத்திக் கேக்குது, கடலுக்கு முன்னால, வாவிக்கு முன்னால, நீர்வீழ்ச்சிக்கு முன்னால ஆளை நிப்பாட்டி எடுத்தா நேர பாக்கேக்க இருந்த வடிவு ஏன் படத்தில வரேல்ல எண்டு. கொழும்பில இருக்கிற எங்களுக்கு இது வாறது இயல்புதான், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் களனி கங்கை, நடுவில வாவியும் சதுப்பு நிலமும், 2018ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில உடன்படிக்கையால ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் கிடைச்ச ஊர் இது. அதால இந்த முறை முழுக்கத் தண்ணிதான்.

வெள்ளவத்தை வாசகி ஒருவர்: அக்கா, தங்கச்சின்ர பிறந்தநாளுக்கு அவளைப் பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் சூரியன் மறையிற நேரம் ஃபோன்ல எடுத்தனான். வானம் நல்ல செம்மஞ்சளா வந்திருக்கு, ஆனா அவள்ட முகத்தில ஒண்டுமே தெரியேல்ல, ஒரே இருட்டு. முகத்தில தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினா வானம் வெள்ளையா வெளிறிப் போகுது. ஃபோன் பழசு எண்டதாலயோ?

ஃபோன்ல பிழை இல்லையம்மா, நீங்க நிண்ட நேரமும் பக்கமும்தான் காரணம். எங்கட கடற்கரை மேற்குப் பாத்தது, பின்னேரம் கடல் பின்னால வாற மாதிரி ஆளை நிப்பாட்டினா சூரியனும் அவவுக்குப் பின்னாலதான் நிக்கும், முகத்துக்கு வெளிச்சம் குடுக்க முன்னால ஒண்டும் இல்லை, மெரைன் ட்ரைவ் கட்டிடங்கள்ல பட்டுத் திரும்பி வாற கொஞ்ச வெளிச்சத்தைத் தவிர. எங்கட கண் வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே நேரத்தில சமாளிக்கும், கமராக்கு அந்தளவுக்கு ஏலாது, வானத்தைப் பிடிச்சா முகத்தை விடும், முகத்தைப் பிடிச்சா வானத்தை விடும்.

எனக்கு ஆகப் பிடிச்ச வழி, பின்னேரத்தை விட்டிட்டு விடியப் போறதுதான். காலமை சூரியன் றோட்டுப் பக்கத்தால, அதாவது உங்கட முதுகுப் பக்கத்தால வரும். கட்டிடங்களுக்கு மேல அது ஏறும்வரைக்கும் கரை நிழலாத்தான் இருக்கும், ஆனா தூரத்துக் கடல்ல வெயில் பட்டு நீலமாத் தெரியும், மேல திறந்த வானத்தால வாற மெல்லிய வெளிச்சம் முகத்தில விழும், கண்ணைச் சுருக்கத் தேவையில்லை, சனமும் குறைவு. வெயில் நேர முகத்தில அடிக்கத் தொடங்கினா ஆள் கண்ணை மூடத் தொடங்கும், அதுக்குப் பேந்து மினக்கெடாதேங்கோ.

இல்லை, செம்மஞ்சள் வானம்தான் வேணும் எண்டா சூரியன் முழுசா மறையும்வரைக்கும் பொறுங்கோ. கன பேர் சூரியன் கடலுக்க இறங்கின உடன செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிடுவினம், எனக்கு அதைப் பாக்க மனசு கேக்காது, ஏனெண்டா அந்த நேரம்தான் வானத்தின்ர வெளிச்சமும் முகத்தின்ர வெளிச்சமும் ஒண்டுக்கொண்டு கிட்ட வாற நேரம். ஆனா எங்கட நாடு பூமத்திய ரேகைக்குக் கிட்ட எண்டபடியா அந்த நேரம் நீளாது, மறைஞ்சு 20 நிமிசம் போல தான், பேந்து இருட்டிடும். நவம்பர் மாசம் 5.50 போல மறையும், ஜூலையில 6.30 போல, அதைப் பாத்து அரை மணித்தியாலம் முந்தியே போய் இடத்தைப் பிடிச்சு வைச்சிருங்கோ.

மூண்டாவது வழி முகத்துக்கு நாங்களே வெளிச்சம் குடுக்கிறது. ரிஃப்ளெக்டர் எண்டு காசு குடுத்து வாங்க வேணாம், ஒரு வெள்ளை ரெஜிபோம் அட்டை காணும், சூரியன் அதில படுற மாதிரி ஆரையாவது முன்னால பிடிக்கச் சொல்லி மெதுவா சரிச்சுப் பாருங்கோ, முகத்தில வெளிச்சம் ஏறுறது கண்ணுக்கே தெரியும். ரெஜிபோமும் இல்லாட்டி வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு அண்ணன் முன்னால நிண்டாலே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஃபோன்ல முகத்தைத் தொட்டு அப்பிடியே அமத்திப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லொக் ஆகும், பேந்து பக்கத்தில வாற சின்னச் சூரிய அடையாளத்தை மேல கீழ இழுத்து முகம் தெளிவா வாற இடத்தில விடுங்கோ. வானம் கொஞ்சம் வெளிறினா வெளிறட்டும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றன் எண்டா, எங்கட வீட்டில அப்பா கோல்ஃபேஸ்ல நிண்டு எடுத்த ஒரே ஒரு படம் இருக்கு, பின்னால கடல், அலை, வானம் எல்லாம் அப்பிடியே இருக்கு, அப்பான்ர முகம் மட்டும் கறுத்த நிழல். அப்பா இப்ப இல்லை. அந்த நேரம் ஆரோ ஒரு ஆள் அவரைக் கொஞ்சம் திரும்பி நிண்டிருக்கச் சொல்லியிருந்தா அவர் சிரிச்சவரோ இல்லையோ எண்டாவது எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இன்னும் ரெண்டு விசயம். உங்கட படத்தில கடலின்ர கோடு தங்கச்சின்ர கழுத்தை வெட்டிக்கொண்டு போகுது. சமதரையில ஆள் நிக்கேக்க அந்தக் கோடு எப்பவும் உங்கட லென்ஸ் இருக்கிற உயரத்திலதான் ஆளைக் கடக்கும், நீங்க நெஞ்சுக்கு நேர ஃபோனைப் பதிச்சா கோடு நெஞ்சுக்கு வரும், குந்தியிருந்து இடுப்பளவில பிடிச்சா இடுப்புக்குப் போகும். கழுத்துக்கும் கண்ணுக்கும் வராமப் பாத்துக்கொண்டாக் காணும்.

மற்றது அந்தத் தண்டவாளம். நீங்க அனுப்பின மற்றப் படத்தில தங்கச்சி தண்டவாளத்தில இருக்கிறா. தயவு செய்து அங்க இருத்தி எடுக்காதேங்கோ. கடல் இரைச்சலில ரெயில் வாறது கேக்கவே கேக்காது, கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர்: எங்க கல்யாணத்துக்கு முந்தி எடுக்குற ப்ரீ-ஷூட்டை ஒரு நீர்வீழ்ச்சி பக்கத்துல வைக்கலாம்ன்னு பாக்குறோம், மச்சான்தான் கேமரா. போன மாசம் ட்ரயல் பாக்கப் போனோம், தண்ணி பால் மாதிரி வந்திச்சு ஆனா நாங்க ரெண்டு பேரும் ஆட்டம் கண்டு மங்கலா இருக்கோம். நீர்வீழ்ச்சியும் நேர்ல பாத்த மாதிரி பெருசா இல்ல, பின்னால ஏதோ குழாய் உடைஞ்சு ஒழுகுற மாதிரி இருக்கு. கொழும்புல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வர்ற மாதிரி இடமும் சொல்லுங்க.

மச்சான் நல்லா முயற்சி செய்திருக்கிறார், முதல் தரமே தண்ணியப் பாலாக்கினது சின்ன விசயமில்லை. ஆனா தண்ணி பாலா வர ஷட்டர் கால் செக்கனுக்கு மேல, ஒரு செக்கன் வரைக்கும் திறந்திருக்கோணும், மனிசர் ஆடாம வர 1/125 செக்கன் அல்லது அதைவிட வேகம் வேணும். ரெண்டும் ரெண்டு திசை. இதுக்கு நடுவில தான் வழி தேடோணும்.

ட்ரைபொட்டில கமராவைப் பூட்டி ஷட்டரை 1/15ல வைச்சுப் பாருங்கோ, தண்ணி முழுப் பாலாகாது, ஆனா கோடு கோடா ஓடுறது மெத்தெண்டு தெரியும், எனக்கு உண்மையில அதுதான் கூடப் பிடிக்கும், பால் மாதிரி வந்தா தண்ணியின்ர உயிர் போன மாதிரி இருக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒரு பாறையில சாஞ்சு, ஒராள் மற்றாளில தலையைச் சாய்ச்சு, மூச்சை விட்டிட்டு அசையாம இருந்தா 1/15ல நல்லாவே வரும், ஒரே போஸில அஞ்சாறு எடுத்தா அதில ஒண்டாவது துல்லியமா இருக்கும். தலைமயிரும் சாறித் தலைப்பும் நீர்வீழ்ச்சிக் காத்தில ஆடும், அது ஆடட்டும், அது வடிவு.

முழுப் பால்தான் வேணும் எண்டா ரெண்டு படமா எடுத்து ஒட்டுறதுதான் ஒழுங்கான வழி. ட்ரைபொட்டைத் தொடாம, ஒரு படம் உங்களுக்காக 1/200ல ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணருற அளவை, கூட்டி, அடுத்தது தண்ணிக்காக ஐஎஸ்ஓ 100ல ஷட்டரை நீட்டி. நல்லா மூடின மப்புல லென்ஸ் துளை எஃப்/8, ஐஎஸ்ஓ 100 எண்டா ஷட்டர் 1/60 போல தான் காட்டும், அதில ஆறு ஸ்டொப் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தை ஆறு தரம் பாதி பாதியாக் குறைக்கிற கறுத்த கண்ணாடி, கடையில என்டி64 எண்டு கேளுங்கோ, அதைப் போட்டா ஒரு செக்கனுக்கு வந்திடும். பேந்து எடிட்டில உங்களை முதல் படத்தில இருந்தும் தண்ணிய ரெண்டாவதில இருந்தும் எடுத்துச் சேர்க்கலாம். வெயில் நேர பாறையில அடிக்கிற நேரம் இது ஒண்டும் சரிவராது, தண்ணி வெள்ளையா எரிஞ்சு போகும், மப்பு நாளோ காலமை நிழலோ பாத்துப் போங்கோ.

நீர்வீழ்ச்சி சின்னனாத் தெரிஞ்சதுக்குக் காரணம் லென்ஸ். மச்சான் உங்களுக்குக் கிட்ட நிண்டு அகல லென்ஸில எடுத்திருக்கிறார், அந்த லென்ஸ் பின்னால இருக்கிறதை எல்லாம் தூரத்துக்குத் தள்ளிவிடும். கணக்காச் சொல்றன், அவர் 3 மீற்றரில நிண்டு 24 மி.மீ.ல எடுக்கிறதை விட்டிட்டு உங்களுக்கு 12 மீற்றர் தூரத்துக்குப் போய் நிண்டு 100 மி.மீ.க்குச் சூம் பண்ணினா நீங்க ரெண்டு பேரும் படத்தில அதேயளவுதான் இருப்பீங்க, ஆனா உங்களுக்கு 40 மீற்றர் பின்னால விழுற தண்ணி மூண்டு மடங்குக்கு மேல பெரிசாத் தெரியும். பின்னால போக இடம் இருக்கிற நீர்வீழ்ச்சியா முதல்ல பாத்துத் தெரிவு செய்யோணும், இதை ஆரும் யோசிக்கிறேல்ல. ஃபோன்ல எண்டாலும் இதேதான், ரெண்டு மடங்கு மூண்டு மடங்கு லென்ஸ் இருந்தா அதைப் போட்டுட்டுப் பின்னால போங்கோ. போர்ட்ரெயிட் மோட் வேணாம், சிதறுற தண்ணிக்கும் தலைமயிருக்கும் இடையில அது தடுமாறி மயிரைச் சேத்து வெட்டிப் போடும்.

இடம் எண்டா குருவிட்டைக்குக் கிட்ட இருக்கிற போபத் எல்ல, அவிசாவளையால இரத்தினபுரி போற வழி, கருக்கல்ல வெளிக்கிட்டா பின்னேரம் வீட்ட வரலாம். 30 மீற்றர் போல உயரம், அரச இலை மாதிரி மேல ஒடுங்கித் தொடங்கி விரிஞ்சு விழும், சிங்களத்தில போபத் எண்டா அரச இலைதான். தண்ணி நிறைய இருக்கிறது மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும், தென்மேற்குப் பருவமழை நேரம். பெப்ரவரி, மார்ச்சில மெலிஞ்சு போயிருக்கும். நாட்டில ஆக உயரமானது பம்பரகந்த, 263 மீற்றர், ஆனா அது பதுளைப் பக்கம், ஒரு நாளில போய்ப் படமும் எடுத்திட்டு வரலாம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ, கலியாணப் பொம்பிளை பாதி நித்திரையிலதான் இருப்பா.

உடுப்பைப் பற்றி நீங்க கேக்கேல்ல, ஆனா சொல்றன். வெள்ளைச் சாறி வெள்ளைத் தண்ணிக்கு முன்னால கரைஞ்சு போகும். கடும் சிவப்பு, மஞ்சள் கலந்த பழுப்பு, மாம்பழ நிறம், இதெல்லாம் பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில நிண்டு பிடிக்கும். நல்ல பட்டு வேணாம், தண்ணித் துளி பட்டா புள்ளி புள்ளியா அடையாளம் விழும், பேந்து அம்மாமாரிட்டப் பேச்சு வாங்கோணும்.

இப்ப சொல்லப்போறதைக் கட்டாயம் வாசியுங்கோ. நான் தொழிலுக்கு வந்த புதுசில ஒரு பொம்பிளையிட்ட, இன்னும் ஒரு கல்லு பின்னால போங்கோ, தண்ணி வடிவா வரும் எண்டு சொன்னனான். அவ போனவ. பாசி பிடிச்ச கல், சறுக்கி விழுந்து முழங்கை உடைஞ்சு கலியாணத்தைக் கட்டுப்போட்ட கையோடதான் செய்தவ. அவ என்னை ஒரு சொல்லும் சொல்லேல்ல, ஆனா அந்த "இன்னும் ஒரு கல்லு" நான் சொன்ன சொல்லு. இப்ப நான் ஆளை நிப்பாட்ட முந்தி அதே இடத்தில நானே வெறுங்காலோட ஏறி நிண்டு பாப்பன், எனக்குச் சறுக்கினா அந்த இடம் வேணாம். மேல மலையில மழை பெய்தா கீழ வெயில் எறிக்கேக்கயே தண்ணி திடீரெண்டு பெருகி வரும். தண்ணி கலங்கத் தொடங்கினாலோ, இலையும் கொப்பும் அடிச்சுக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் கூடின மாதிரி இருந்தாலோ கமராப் பையைப் பாக்காம முதல்ல ஆக்களைக் கரைக்கு ஏத்துங்கோ.

தெஹிவளையில இருந்து ஒரு தாய்: மகளுக்கு 18 வயசு, நல்ல கறுப்பு. சாமத்தியவீட்டுப் படங்களை ஸ்டூடியோவில வெள்ளையாக்கித் தந்தவை, அவள் அந்த அல்பத்தைத் திறக்கவே மாட்டாள், அது நான் இல்லை எண்டு சொல்றாள். இப்ப கல்கிசைக் கடற்கரையில அவளை ஒரு நல்ல படம் எடுக்க ஆசை. கடல் வெளிச்சத்தில கறுப்புத் தோல் இன்னும் இருண்டுதானே வரும், வெயில்லயா நிழல்லயா நிப்பாட்டுறது, என்ன நிறம் உடுத்துறது?

உங்கட கடிதத்தை நான் மூண்டு தரம் வாசிச்சனான். மகள் சொன்னது சரி, அந்த அல்பத்தில இருக்கிறது அவள் இல்லை.

கறுப்புத் தோல் கடலுக்கு முன்னால இருண்டு வாறது தோலின்ர குற்றமில்லை, கமராவின்ர கணக்கு. கமரா தன் முன்னால இருக்கிறதை எல்லாம் கூட்டிப் பாத்து நடுத்தரமான ஒரு சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பாக்கும். பின்னால மினுங்குற கடலும் வானமும் இருந்தா, அட வெளிச்சம் கூடிப்போச்சு எண்டு நினைச்சு எல்லாத்தையும் இறக்கும், அதில ஆள் இருண்டு போகும். இது ஆருக்கும் நடக்கும், கறுப்பு ஆக்களுக்கு இன்னும் கூடுதலா நடக்கும். கமராவில பிளஸ் மைனஸ் போட்ட பொத்தான் இருக்கும், அதில ஒரு பிளஸ் கூட்டுங்கோ, பத்தாட்டி இன்னும் கொஞ்சம்.

படக் கலையே நீண்ட காலம் எங்களை மனசில வைச்சு வளரேல்ல எண்டது உண்மை. பழைய ஃபிலிம் காலத்தில கொடாக் கம்பனி நிறம் சரிபாக்கிறதுக்கு அனுப்பின ஷேர்லி காட் எண்ட மாதிரி அட்டையில கன காலம் வெள்ளைக்காரப் பொம்பிளையின்ர முகம்தான் இருந்தது, அவவின்ர தோல் சரியா வந்தா எல்லாம் சரி எண்ட கணக்கு. இப்ப மாறிக்கொண்டு வருது, 2021ல கூகிள் பிக்சல் 6 ஃபோன்ல ரியல் டோன் எண்டு கறுப்புத் தோலுக்காகவே வேலை செய்தவை. ஆனா எங்கட ஊர் ஃபோன் கனக்கவில பியூட்டி ஃபில்டர் வாங்கேக்கயே ஓன் பண்ணித்தான் இருக்கு, முதல் வேலையா அதை நிப்பாட்டுங்கோ.

வெள்ளைத் தோலில முகத்தின்ர அமைப்பு நிழலாலதான் தெரியும், கறுப்புத் தோலில அது மினுக்கத்தால தெரியும். கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, நெத்தி, தோள் எல்லாத்திலயும் வெளிச்சம் ஒரு மெல்லிய பட்டு மாதிரி ஓடும், அது கறுப்பு ஆக்களுக்கு மட்டும் கிடைச்ச வரம், அதுக்கு வேண்டியது பெரிய மெல்லிய வெளிச்சம். உச்சி வெயில் வேணவே வேணாம், ஏப்ரல் முதல் பாதியில கொழும்பில சூரியன் நேர தலைக்கு மேல வரும், கண்குழி ரெண்டும் இருட்டா விழும். கல்கிசையில பின்னேரம் நாலரைக்குப் பிறகு சூரியன் கடல் பக்கம் சரிஞ்சு நிக்கேக்க மகளை நேர கடலுக்கு முதுகு காட்டி நிக்க விடாம, பக்கவாட்டில திருப்பி ஒரு கன்னம் கடலைப் பாக்கிற மாதிரி நிப்பாட்டுங்கோ. அந்தக் கன்னத்தில வெயிலும், அதோட தண்ணியில பட்டுக் கீழயிருந்து எழும்பி வாற வெளிச்சமும் சேந்து விழும், நாடிக்குக் கீழ நிழல் குறையும், இந்த வெளிச்சத்தை எந்த ஸ்டூடியோவும் செய்து தராது. மற்றக் கன்னப் பக்கம் அந்த ரெஜிபோமைப் பிடியுங்கோ.

முகத்துக்குக் கழுத்தைவிட வெளிறின பவுண்டேஷன் பூச வேணாம், கொஞ்சம் தேங்கெண்ணெய் அல்லது கிறீம் கையிலயும் தோளிலயும் கன்னத்திலயும் மெல்லிசாத் தடவுங்கோ. உடுப்பு எண்டா கடும் மஞ்சள், மரகதப் பச்சை, செம்பரத்தைச் சிவப்பு எதுவும் அவளுக்கு எடுக்கும், வெள்ளையும் எடுக்கும். கறுப்பு ஆக்கள் கடும் நிறம் போடக்கூடாது எண்டு சொல்லித்தான் எங்களை எல்லாம் வளத்தவை, நானும் முப்பது வயசு வரைக்கும் அதை நம்பினனான். படம் எடுத்த பிறகு எடிட் பண்ணேக்க மகளைப் பக்கத்தில இருத்திக் கொள்ளுங்கோ, தன்ர நிறம் எது எண்டு அவளுக்குத் தெரியும்.

பம்பலப்பிட்டி வாசகர் ஒருவர்: போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா?

நீர்வீழ்ச்சி, ஓடை, காட்டுப் பக்கம் போறனீங்க எண்டா வாங்குங்கோ, காசுக்குப் பிரயோசனமான பொருள். ஈரப் பாறையிலயும் இலையிலயும் இருக்கிற வெள்ளை மினுக்கத்தை எடுத்துப் போடும், பச்சை பச்சையாத் தெரியும், தண்ணிக்குக் கீழ இருக்கிற கல்லும் தெரியும். தண்ணி மட்டத்தில இருந்து 37 பாகை போல சரிவில பாக்கேக்கதான் அது கூட வேலை செய்யும், முன் வளையத்தைச் சுழட்டிச் சுழட்டிப் பாக்கோணும். ஒண்டரை ரெண்டு ஸ்டொப் வெளிச்சத்தையும் குடிக்கும், அது ஷட்டரை மெதுவாக்க உதவியாவும் இருக்கும். கடல்ல பின்னேரச் சூரியன் மினுங்கிற அந்தத் தங்கப் பாதை வேணும் எண்டா அதைக் கழட்டி வையுங்கோ, அதையும் சேத்து அழிச்சுப் போடும். முகத்தில தோலின்ர மினுக்கத்தையும் அது எடுக்கும், மேல தாய்க்கு எழுதினதை வாசிச்சா ஏன் முழுசாச் சுழட்டக்கூடாது எண்டு விளங்கும். ஃபோன்காரர் போலரைஸ்ட் கூலிங் கிளாஸை லென்ஸுக்கு முன்னால பிடிச்சுத் திருப்பிப் பாருங்கோ, அதுவும் வேலை செய்யும்.

வத்தளை வாசகி ஒருவர்: ஏசி காரில இருந்து இறங்கிக் கடற்கரையில கமராவை எடுத்தா லென்ஸ் முழுக்கப் புகார். துடைக்கத் துடைக்க வருது.

துடைக்காதேங்கோ. குளிர்ந்த கண்ணாடியில எங்கட ஊர் ஈரக்காத்து படுறதால வாறது அது. இறங்க முந்தி 20, 30 நிமிசம் ஏசியை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி கமராவைப் பையில மூடி டிக்கியில வையுங்கோ, மெதுவாச் சூடாகும். கடற்கரையால வந்த பிறகு லென்ஸில உப்புப் படிஞ்சிருக்கும், காய்ஞ்ச துணியால தேய்ச்சா கீறும், முதல்ல புளோவரால ஊதிட்டு நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச மெல்லிய துணியால ஒத்தி எடுங்கோ. ட்ரைபொட் காலை பைப்புத் தண்ணியில கழுவுங்கோ. பேந்து சிலிக்கா ஜெல் போட்ட காத்துப் புகாத பெட்டியில வையுங்கோ, ஈரப்பதம் 40, 50 வீதத்துக்குள்ள இருந்தா நல்லம், அலுமாரிக்குள்ள சும்மா வைச்சா லென்ஸுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும், பிடிச்சா எடுக்கிறது கஷ்டம்.

மட்டக்குளி வாசகர் ஒருவர்: எங்கட வாப்பாக்கு 70 வயசாகுது. காலுக்கு ஏலாது, சக்கர நாற்காலி. சின்ன வயசுல ஆத்துல நீந்தினவர், தண்ணின்னா அவருக்கு உசிரு. தண்ணிக்கு முன்னால அவரை வெச்சு ஒரு படம் எடுக்கணும், மண்ணுலயும் கல்லுலயும் நாற்காலி போகாது. பேரை வாவிப் பக்கம் ஒருக்கா எடுத்தேன், முகம் பச்சையடிச்ச மாதிரி வந்திச்சு.

வாப்பாவை பத்தரமுல்லைப் பக்கம் தியத்த உயனவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, தியவன்னாக் கரையில சமதரையா நடைபாதை இருக்கு, நாற்காலி ஓடும். காலமை ஏழு மணிக்கு முந்திப் போங்கோ, காத்து எழும்பாத நேரம் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், மரமும் வானமும் தலைகீழா விழுந்திருக்கும், சில நேரம் கூழைக்கடாவும் வரும். தண்ணிக்கு நடுவில இருக்கிற பாராளுமன்றம் 1982ல திறந்தது, ஜெஃப்ரி பாவா வரைஞ்ச கட்டிடம், தண்ணியோட சேத்துப் பாக்க வடிவுதான், ஆனா கமராவை அந்தப் பக்கம் திருப்ப முந்தி காவலுக்கு நிக்கிறவையை ஒருக்காக் கேளுங்கோ.

பேரை வாவியில முகம் பச்சையா வந்ததுக்கு, அந்தத் தண்ணியில இருக்கிற பாசியின்ர நிறமும் சுத்தி இருக்கிற புல்லும் மரமும்தான் காரணம், வெளிச்சம் அதில பட்டுத்தான் முகத்துக்கு வருது. புல்லுக்கு நடுவில வைக்காம வெளிறின சீமெந்துத் தரையில நாற்காலியை வையுங்கோ, மேல மரக்கொப்பு இல்லாத இடமாப் பாருங்கோ. பேந்தும் பச்சை தெரிஞ்சா எடிட்டில டின்ட் எண்டதை ஊதாச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் தள்ளினாச் சரி.

எடுக்கேக்க நீங்க நிண்டு கொண்டு கீழ பாத்து எடுக்காதேங்கோ, நாற்காலியில இருக்கிறவரை மேல நிண்டு எடுத்தா ஆள் சின்னனாப் போயிடுவார், பின்னால தண்ணிக்குப் பதிலாத் தரைதான் வரும். முழங்கால்ல நிண்டு அவர்ட நெஞ்சு மட்டத்துக்கு ஃபோனைக் கொண்டு வாங்கோ, அப்ப தண்ணியின்ர தூரக் கரை அவர்ட தோளுக்குக் கீழ போயிடும், முகத்துக்குப் பின்னால வானமும் மரமும் மட்டும் நிக்கும். நாற்காலியையும் நேர கமராவைப் பாக்க வைக்க வேணாம், கொஞ்சம் தண்ணிப் பக்கம் திருப்பி வையுங்கோ, முதல்ல அவர் தன்ர பாட்டில தண்ணியைப் பாக்கட்டும், நீங்க அந்த ஆத்தைப் பற்றி, எங்க குதிச்சவர், ஆரோட போனவர், வீட்டில அடி வாங்கினவரோ எண்டெல்லாம் கேட்டுக்கொண்டிருங்கோ. அவர் பதில் சொல்லத் திரும்புவார். அப்ப அமத்துங்கோ.